மாடி வீட்டுச் செடிக்கு ஒரு விளக்கு

முற்றமும் வளவும் உடைய வீட்டிலே பிறந்து வளர்ந்தவர்கள் செடிக்கு வெளிச்சம் வேண்டுமே என்று ஒருநாளும் கவலை கொண்டிருக்க மாட்டார்கள். தண்ணீரை எண்ணுவோம், எருவை எண்ணுவோம், ஆடு மாடு கடித்துவிடாமல் வேலி அடைப்பதை எண்ணுவோம். வெளிச்சமோ கேளாமலே கிடைத்த செல்வம். அச்செல்வத்தின் அருமை, தொடர்மாடி வீடொன்றிலே குடிபுகுந்த பின்னரே பலருக்குப் புலனாகின்றது.

எம் அன்னையார் யாழ்ப்பாணத்து வளவை விட்டு, வெள்ளவத்தையில் எம்முடன் வந்து தங்கியபோது, துணிமணிகளோடு மூன்று சாடிகளையும் கொணர்ந்தார். ஒன்றிலே துளசி, ஒன்றிலே வல்லாரை, மற்றொன்றிலே கறிவேப்பிலைக் கன்று. எமது வீடு மூன்றாம் மாடியில் உள்ளது. பல்கனி இல்லை. கூடத்து யன்னலுக்கு எதிரே, பத்தடி தூரத்திலே, அயற் கட்டடத்தின் சுவர் எழுந்து நிற்கின்றது. ஒரு மாதத்துக்குள் துளசியின் தண்டு நூல்போல நீண்டது. புதிய இலைகள் வெளிறிச் சிறுத்தன. கறிவேப்பிலைக் கன்று இலைகளை உதிர்த்தது. அன்னையார் குறையொன்றும் சொல்லவில்லை. நாடோறும் காலையிலே பழுத்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, யன்னலோரத்திலே சிறிது நேரம் நிற்பார். விடியற் பொழுதில் வளவைச் சுற்றிவந்து பழகியவருக்கு அம்மூன்று சாடிகளே எஞ்சிய வளவு என்பதை நாம் அப்போதுதான் உணர்ந்தோம்.

"செடி வளர்ப்பதற்கென்றே எல்.ஈ.டி. விளக்கு விற்கிறார்கள், அப்பா" என்று எம் மகள் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். 600 வாற்று என்று கொட்டை எழுத்திலே பொறித்த, ஊதா நிறத்தில் ஒளிரும் விளக்கு அது. அதை வாங்கிய மாதம் வீட்டுக் கணக்கிலே துண்டு விழுந்தது. கூரையிலே கொளுவி இரண்டு மாதம் எரித்தோம். கூடம் முழுவதும் ஊதா நிறம் பெற்றது. துளசி மட்டும் பிழைக்கவில்லை.

எமக்கு நேர்ந்தது பிறருக்கும் நேரக் கூடியதே. ஆதலின், அதன் பின்னர் படித்தும் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே முறையாகச் சொல்ல விழைகின்றோம். பெரும் பணம் செலவிட்டுத்தான் செடிக்கு ஒளி கொடுக்க வேண்டும் என்பதில்லை. எதை அளந்து வாங்குவது என்பதை அறிந்தாற் போதும்.

கண்ணை நம்பலாகாது

நமது கண் ஒளிக்கும் இருளுக்கும் ஏற்பத் தன்னைத் தானே சரிசெய்து கொள்ளும் இயல்புடையது. உச்சி வெயிலிலே நிலத்தில் விழும் ஒளி ஏறக்குறைய 100,000 லக்ஸ். இரவில் விளக்கேற்றிய கூடத்திலே அது 100 முதல் 300 லக்ஸ் வரையே இருக்கும். பல நூறு மடங்கு குறைந்த அவ்வொளியிலே நாம் பத்திரிகை வாசிக்கின்றோம். ஊசியிலே நூல் கோக்கின்றோம். "நல்ல வெளிச்சம்" என்றும் சொல்லிக்கொள்ளுகின்றோம்.

செடிக்கு அந்த வித்தை தெரியாது. அதற்கு ஒளி பார்ப்பதற்குரிய பொருளன்று. உணவு சமைப்பதற்குரிய நெருப்பு. இலையிலுள்ள பச்சையம் ஒளியின் துணைகொண்டு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்து வெல்லமாக்குகின்றது. இதனையே ஒளித்தொகுப்பு என்று பாடசாலையிலே படிக்கின்றோம். ஒளி குறைந்தால் உணவு குறையும். நாள்தோறும் சுவாசத்துக்குச் செலவாகும் அளவையேனும் ஆக்க இயலாதபோது, செடி முன்னர்ச் சேமித்ததை உண்டு மெலிகின்றது. ஒளியைத் தேடித் தண்டை நீட்டுவதும் அப்போதுதான். தண்டு நீண்டுவிட்டதைக் கண்டு "செடி நன்றாக வளர்கின்றது" என மகிழ்வோர் உளர். அது வளர்ச்சியன்று, பசியின் அடையாளம்.

ஆகவே, விளக்கு வாங்கப் புறப்படுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, செடி நிற்கும் இடத்திலே ஒளியை அளப்பது. இதற்கெனக் கருவி வாங்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலே லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இலவசமாகப் பெறலாம். அதன் கணக்கு நுட்பமானதன்று. ஆயினும் 300 லக்ஸுக்கும் 3,000 லக்ஸுக்கும் உள்ள வேற்றுமையை அது காட்டிவிடும். எமது யன்னலோரத்திலே நண்பகலில் 1,200 லக்ஸ் காட்டியது. யன்னலிலிருந்து நான்கடி உள்ளே, துளசி நின்ற இடத்திலே, 180 மட்டுமே.

ஊதா நிறத்தின் கதை

செடி விளக்கென்றால் ஊதா நிறத்திலேதான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இவ்வெண்ணம் தோன்றிய வரலாற்றை அறிந்துகொள்வது நன்று.

கண்ணுக்குப் புலனாகும் செந்நிற ஒளியைத் தரும் எல்.ஈ.டி.யை 1962 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய நிக் ஹொலொனியாக் ஆக்கினார். நீல ஒளி தருவதை ஆக்குவதற்கோ மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1990களின் தொடக்கத்திலே அதனை நிறைவேற்றிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நகமுரா ஆகிய மூவரும் 2014 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசைப் பெற்றனர். பச்சையம் செந்நிறத்தையும் நீலத்தையும் மிகுதியாக உறிஞ்சும் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. எனவே, மற்றை நிறங்களை விடுத்து இவ்விரண்டையும் மட்டும் கொடுத்தால் மின்சாரம் மிச்சமாகும் என எண்ணினர். சிவப்பும் நீலமும் கலந்ததே அந்த ஊதா நிறம்.

ஆனால், பச்சை நிற ஒளி செடிக்குப் பயன்படாது என்பது தவறான கருத்து. 1972 ஆம் ஆண்டிலே மக்கிறீ என்னும் ஆய்வாளர் 22 வகைப் பயிர்ச்செடிகளின் இலைகளை ஒவ்வொரு நிற ஒளியிலும் வைத்து அளந்து, 400 முதல் 700 நனோமீற்றர் வரையுள்ள நிறங்கள் யாவும் ஒளித்தொகுப்புக்கு உதவுகின்றன எனக் காட்டினார். சிவப்பிலே பயன் சற்று மிகுதி, பச்சையிலே சற்றுக் குறைவு, அவ்வளவே. வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கு என்பது உண்மையிலே நீல ஒளி தரும் துண்டின்மேல் ஒளிரும் பூச்சொன்றைப் பூசியது. அதிலிருந்து நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய எல்லாம் வெளிவருகின்றன. ஆதலின், வீட்டுக்கு வாங்கும் சாதாரண வெண்ணிற எல்.ஈ.டி. குமிழும் செடியை வளர்க்க வல்லதே.

வெண்ணொளிக்கு மற்றொரு நன்மையும் உண்டு. ஊதா ஒளியிலே இலைகள் கறுத்துத் தோன்றும். இலை பழுக்கின்றதா, அடிப்புறத்திலே வெள்ளைப் பூச்சி பற்றியுள்ளதா என்பன கண்ணுக்குத் தெரியா. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2014 ஆம் ஆண்டிலே அமைத்த சிறு தோட்டத்தில் சிவப்பு, நீலம் ஆகியவற்றோடு பச்சை விளக்குகளையும் சேர்த்தே பொருத்தினர். அங்கு வளர்ந்த சலாதுக் கீரையை 2015 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே விண்வெளி வீரர்கள் உண்டனர். விண்வெளியிலும் கீரை கீரையாகத் தோன்ற வேண்டுமல்லவா?

செடியின் நாட்கூலி

எந்தச் செடிக்கு எவ்வளவு ஒளி வேண்டும்? இதுவே கணக்கின் உயிர்நிலை. ஒளியைச் சிறு துகள்களாக எண்ணி, ஒரு சதுர மீற்றர் பரப்பிலே ஒரு நாளில் விழும் துகள்களை 'மோல்' என்ற பேரளவாற் குறிப்பது அறிவியலாளர் வழக்கம். அரிசியை மணி மணியாக எண்ணாது மூடையாக எண்ணுவது போன்றதே இது. தெளிந்த நாளொன்றில் எமது நாட்டின் திறந்த முற்றத்திலே ஏறக்குறைய 40 மோல் ஒளி விழும்.

மருள், பணச்செடி முதலிய நிழல் விரும்பிகள் நாளொன்றுக்கு 2 முதல் 4 மோல் பெற்றால் வாழ்ந்துவிடும். வல்லாரை, புதினா, அந்தூரியம் ஆகியவற்றுக்கு 6 முதல் 10 வரை வேண்டும். துளசி செழிப்பதற்கு 12 முதல் 15 வரை வேண்டும். மிளகாய், தக்காளி, கறிவேப்பிலை ஆகிய வெயிற் பிள்ளைகளுக்கோ 20க்கு மேலும் வேண்டும்.

கைத்தொலைபேசியின் லக்ஸ் எண்ணிலிருந்து இதனைக் கணிக்க ஓர் எளிய வழி உண்டு. வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கின் கீழே 10,000 லக்ஸ் ஒளி 14 மணி நேரம் விழுமாயின், அது ஏறக்குறைய 7 மோல். 5,000 லக்ஸ் ஆயின் அதிற் பாதி. 20,000 ஆயின் இரு மடங்கு. மணி நேரம் கூடினாலும் குறைந்தாலும் அதற்கேற்ப மாற்றிக் கொள்ளலாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கென வகுத்த அளவு ஆதலின், ஊதா விளக்குக்கு இக்கணக்குப் பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்க.

பெட்டியில் உள்ள வாற்றும் பெட்டிக்குள் உள்ள வாற்றும்

இனி, எம்மை ஏமாற்றிய 600 வாற்றுக்கு வருவோம். வாற்று என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. ஆயினும் விற்பனையாளர் பலர், "பழைய வகை விளக்கு 600 வாற்றுக்குச் சமன்" என்று தாமாகக் கருதிய ஓர் எண்ணைப் பெரிதாகப் பொறித்துவிடுகின்றனர். உண்மையில் எடுக்கும் வாற்று எங்கோ ஒரு மூலையிலே சிறிய எழுத்தில் இருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. 1,000 வாற்று என்று விற்கப்படும் விளக்குகளுள் 100 அல்லது 150 வாற்று மட்டுமே எடுப்பன பல.

இதனை வீட்டிலேயே சோதித்து அறியலாம். நவீன மின்மானியிலே சிறிய சிவப்பு வெளிச்சம் ஒன்று விட்டு விட்டு மின்னும். ஓர் அலகு மின்சாரத்துக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது மானியின் முகப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். 36 இலட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வைத்துக் கொள்ளுங்கள். பின்னர்க் குளிரூட்டி உட்பட வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, செடி விளக்கை மட்டும் ஏற்றி, ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை வினாடி செல்கின்றது என்று பாருங்கள். முன்னர் வந்த ஈவை அவ்வினாடிகளால் வகுத்தால் விளக்கின் உண்மையான வாற்று கிடைத்துவிடும்.

எமது மானியில் அலகுக்கு 1,600 மின்னல் என எழுதியிருந்தது. 36 இலட்சத்தை 1,600ஆல் வகுக்க 2,250 வந்தது. விளக்கை ஏற்றியபோது 50 வினாடிக்கு ஒருமுறை மின்னியது. 2,250ஐ 50ஆல் வகுத்தால் 45. எமது 600 வாற்று விளக்கின் உண்மையான வாற்று அதுவே! மகள் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் அதே விடைதான்.

ஆயினும் முழுப் பழியையும் விளக்கின்மேற் சுமத்துவது நீதியன்று. அதனை நாம் கூரையிலே, செடிக்கு நான்கடி உயரத்திலே கொளுவியிருந்தோம். சிறு விளக்கொன்றின் ஒளி, தூரம் இரட்டித்தால் நாலில் ஒன்றாகக் குறையும். நான்கடியிலிருந்து ஓரடிக்கு இறக்கியிருந்தால் ஒளி ஏறக்குறைய 16 மடங்கு பெருகியிருக்கும். அந்த 45 வாற்றே துளசியைக் காப்பாற்றியிருக்கவும் கூடும். விற்றவர் எண்ணிலே பிழை செய்தார். நாம் உயரத்திலே பிழை செய்தோம்.

பணப்பைக்கு ஏற்ற நான்கு படிகள்

முதற்படி, காசு செலவில்லாதது. சாடியை யன்னற் கண்ணாடியை ஒட்டி வையுங்கள். கண்ணாடியைத் துடையுங்கள், வலையிலே படிந்த தூசியை நீக்குங்கள். செடியின் பின்புறத்திலே வெள்ளை அட்டையொன்றை நிறுத்தினால், வீணாகும் ஒளி திரும்பி இலையில் விழும். 3,000 லக்ஸ் கிடைக்கும் யன்னலிலே மருளும் பணச்செடியும் விளக்கின்றியே வாழும். இடத்துக்கு ஏற்ற செடியை வளர்ப்பதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை.

இரண்டாம் படி, சாதாரண வெண்ணிற எல்.ஈ.டி. குமிழ். கடையிலே குமிழை வாங்கும்போது வாற்றை மட்டும் பாராது, லூமன் எண்ணையும் பாருங்கள். லூமனை வாற்றால் வகுத்தால் 90க்குக் குறையாது வர வேண்டும். 100 வருமாயின் நன்று. 6,500 கெல்வின் பகலொளியாயினும் 4,000 கெல்வின் இளவெண்மையாயினும் செடிக்குப் பெரிய வேறுபாடில்லை. எஸ்.எல்.எஸ். தரச் சின்னமும் எழுத்திலான உத்தரவாதமும் உள்ளதைத் தெரிக. கீரை வகைக்கு ஒரு சதுர அடிப் பரப்புக்கு 20 வாற்று என்று கணக்கிடலாம். பழைய மேசை விளக்கொன்று வீட்டில் இருந்தால் அதுவே போதும். அதன் கூடு ஒளியைப் பக்கங்களிற் சிதறவிடாது செடியின்மேல் திருப்பும். குமிழுக்கும் செடியின் நுனிக்கும் இடையே 15 முதல் 25 சென்ரிமீற்றர் இருக்கட்டும்.

மூன்றாம் படி, நான்கடி நீளமுள்ள எல்.ஈ.டி. குழல் விளக்கு. றாக்கையின் தட்டு ஒன்றிலே ஐந்தாறு சாடிகளை வரிசையாக வைக்க விரும்புவோருக்கு இது ஏற்றது. ஒளி நெடுகிலும் ஒரே சீராக விழும். ஓரடி அகலமுள்ள தட்டுக்கு 18 வாற்றுக் குழல்கள் இரண்டினை, இலைகளுக்கு அரையடி மேலே பொருத்துக. வெந்தயம், கடுகு, பயறு முதலியவற்றை முளைக்கவிட்டுப் பத்துப் பன்னிரண்டு நாளிலே கிள்ளி எடுக்கும் இளங்கீரைக்கு இது நன்கு பொருந்தும்.

நான்காம் படி, செடிக்கென்றே செய்யப்பட்ட வெண்ணிறப் பலகை விளக்கு. விலை கூடியது, அதற்கேற்ற பயனும் உண்டு. நல்ல பலகை விளக்கு ஒரே மின்சாரத்திலே சாதாரணக் குமிழைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஒளியைச் செடிக்குத் தரும். இதனை வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உண்மையாக எடுக்கும் வாற்று எவ்வளவு? ஒரு வாற்றுக்கு, ஒரு வினாடியில், எத்தனை மைக்றோமோல் ஒளி தரும்? இரண்டாவது எண் 2.5 அல்லது அதற்கு மேல் இருப்பின் தரமானது. விற்பவர் இவ்விரு கேள்விகளுக்கும் விடை கூறாராயின் பணத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள்.

இரவும் வேண்டும்

ஒளி நல்லதென்று இருபத்துநான்கு மணி நேரமும் எரிப்பது தவறு. பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்கு 12 முதல் 16 மணி நேரம் போதும். மிகுதி இருளாக இருத்தல் வேண்டும். 1920 ஆம் ஆண்டிலே கானர், அலாட் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர், செடி பூப்பதை நாளின் நீளம் ஆளுகின்றது என்பதை வெளியிட்டனர். செவ்வந்தி நீண்ட இரவைக் கண்டாலே பூக்கும் இனம். அதன்மேல் இரவு பத்து மணிவரை விளக்கெரித்துவிட்டுப் பூக்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

நாள்தோறும் நினைவாக ஏற்றி அணைப்பது இயலாதவர்கள் சிறிய டைமர் ஒன்றை வாங்கிப் பொருத்தலாம். விளக்குக்கு அடுத்தபடியாகப் பணம் செலவிடத் தக்க பொருள் இதுவே.

மின்பட்டியலை மறவாதீர்

விளக்கின் விலை ஒரு முறை கொடுப்பது. மின்சாரத்தின் விலை மாதந்தோறும் கொடுப்பது. 10 வாற்றுக் குமிழ் இரண்டு நாளொன்றுக்கு 16 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் 9.6 அலகு செலவாகும். அலகொன்று 30 ரூபா என்று வைத்துக்கொண்டால் 288 ரூபா. உங்கள் பட்டியலில் உள்ள வீதத்தைக் கொண்டு இவ்வாறே கணக்கிடுக. எமது நாட்டிலே வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஒரு படியின் விளிம்பிலே நிற்கும் குடும்பத்துக்கு இந்தப் பத்து அலகு அடுத்த படிக்குத் தள்ளிவிடும் பத்தாகவும் அமையலாம். ஆதலின், சென்ற மூன்று மாதப் பட்டியல்களை எடுத்துப் பார்த்த பின்னரே முடிவு செய்க.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காது சொல்லிவிடுதல் வேண்டும். சந்தையில் வாங்கும் ஒரு கட்டு வல்லாரையோடு ஒப்பிட்டால், விளக்கின் கீழ் வளர்த்த வல்லாரை மலிவானதன்று. காசு மிச்சம் பிடிப்பதற்காகக் கீரைக்கு விளக்கெரிப்போர் ஏமாற்றமே அடைவர். நச்சு மருந்து தெளியாத இலை, குழந்தைகளுக்கு வளர்ச்சியைக் கண்ணாற் காணும் பாடம், முதியவருக்கு மனத்துக்குகந்த ஒரு தொழில் ஆகியவையே இதன் வருவாய். அவ்வருவாய் உங்கள் வீட்டுக்கு வேண்டுமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

மின்வெட்டு நேர்ந்தால் என் செய்வது என்று கேட்பீர்கள். 2022 ஆம் ஆண்டிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். இரண்டொரு நாள் ஒளி குறைவதாற் செடி இறந்துவிடாது. அந்நாட்களில் தண்ணீரை மட்டும் குறைத்து ஊற்றுக.

நீரும் மின்சாரமும்

செடிக்கு நீர் ஊற்றுகின்றோம். அதன் பக்கத்திலேயே 230 வோல்ற்று மின்சாரம் ஓடுகின்றது. இவ்விரண்டும் சந்திக்கலாகாது. நீர் ஊற்றுமுன் விளக்கை அணைத்துவிடுங்கள். பிளக்கும் நீட்டிப்பு வயரும் சாடியின் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். வயர் பிளக்கை அடையுமுன் சற்றுக் கீழே தொங்கி வளைந்து செல்லுமாறு விட்டால், அதன்மேல் வழியும் நீர் அவ்வளைவிலே சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது. வீட்டிலே ட்ரிப் சுவிச் வேலை செய்கின்றதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக் கொள்ளுங்கள்.

மற்றொன்று, சாடியின் கீழ்த்தட்டு. அதிலே தேங்கும் தெளிந்த நீர் டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்கு உகந்த இடம். மாடி எத்தனையாவதாயினும் நுளம்பு வந்து சேரும். தட்டிலே நீர் தேங்கவிடாது வாரத்துக்கு ஒருமுறையேனும் தேய்த்துக் கழுவுக. முட்டைகள் தட்டின் விளிம்பிலே ஒட்டிக் கிடப்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது.

கடல் கடந்த கறிவேப்பிலை

எமது வாசகர் பலருக்குக் கனடாவிலே உறவினர் உளர். அங்கே வாழ்வோர் சாடியிற் கறிவேப்பிலை வளர்ப்பதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்களுடைய சிக்கல் எமதினின்றும் வேறானது. கொழும்பிலே ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறக்குறைய 12 மணி நேரம். ரொறன்ரோவிலே மார்கழியில் அது 9 மணி நேரமாகச் சுருங்கும். உறைபனிக்கு அஞ்சிச் சாடியை வீட்டினுள்ளே வைத்தும் ஆக வேண்டும். அங்கே குளிர்காலத்தில் விளக்கின் நோக்கம் செடியைத் தழைக்கச் செய்வதன்று; கோடை வரும்வரை உயிரோடு வைத்திருப்பதே. அந்நோக்கத்துக்கு 20 மோல் வேண்டியதில்லை. நல்ல யன்னலும் அதனோடு 20 வாற்று வெண்குமிழுமாகச் சேர்ந்து, நாளுக்கு 8 மோல் கிடைத்தாலும் தண்டு உயிரோடிருக்கும். இலை சில உதிர்ந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை என்று அடுத்த முறை தொலைபேசியிற் பேசும்போது சொல்லி வையுங்கள்.

எமது வீட்டில்

ஊதா விளக்கைக் கழற்றிவைத்தோம். பழைய மேசை விளக்குகள் இரண்டைத் தூசி தட்டி எடுத்து, 10 வாற்று வெண்குமிழ்களைப் பூட்டினோம். அயலவர் ஒருவர் கொடுத்த துளசிக் கன்றை அவற்றின் கீழே, 20 சென்ரிமீற்றர் தூரத்திலே வைத்தோம். கைத்தொலைபேசி 15,000 லக்ஸ் காட்டியது. 16 மணி நேரத்துக்கு அது 12 மோல். வல்லாரைச் சாடியை யன்னலுக்கும் அவ்விளக்குகளுக்கும் இடையிலே வைத்தோம். ஐந்தாம் வாரத்திலே துளசி புதுக்கிளை விட்டது. ஊர் வளவிலே நின்ற துளசியின் செழிப்பு இதற்கு இல்லைத்தான். ஆயினும் காலையிலே பறிப்பதற்கு இலை இருக்கின்றது. சனிக்கிழமைகளிலே வல்லாரைச் சம்பலும் உண்டு.

கறிவேப்பிலைக் கன்றுக்கு எந்த விளக்கையும் வாங்கவில்லை. அது கேட்கும் ஒளியை விலைகொடுத்து வாங்க எம்மால் இயலாது என்பது கணக்கிலே தெளிவாயிற்று. கட்டடத்தின் காவலாளரிடம் கேட்டு, மொட்டை மாடியின் ஒரு மூலையிலே வைத்தோம். அன்னையார் இப்போது நாடோறும் காலையிலே மின்தூக்கியில் ஏறி மேலே சென்று, அதற்கு நீர் ஊற்றி, பத்து நிமிடம் இளவெயிலிலே நடந்துவிட்டு வருகின்றார். மற்றைக் குடும்பத்தினர் சிலரும் தம் சாடிகளை அங்கே கொண்டுவந்து வைத்துள்ளனர். அன்னையாருக்குப் பேசத் துணையும் கிடைத்துள்ளது.

ஆகையால், விளக்கு வாங்க எண்ணும் அன்பர்கள் முதலிலே ஒளியை அளக்க. பின்னர்ச் செடியைத் தெரிக. அதன் பின்னரே பணப்பையைத் திறக்க. ஒரு சாடி, ஒரு குமிழ் என்று தொடங்கி ஒரு மாதம் பாருங்கள். தண்டு குறுகி, இலை அகன்று, பச்சை கூடினால் உங்கள் கணக்குச் சரி. தண்டு நீளுமாயின் இன்னொரு விளக்கை வாங்க ஓடாது, இருக்கும் விளக்கைச் சற்றுக் கீழே இறக்குங்கள்.